வெள்ளி நெற்றி ஈ



பினாங்கின் கெலுகோரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பு இரண்டு நாள் கிடந்தால் போதும், எங்கிருந்தோ குட்டி ஈக்கள் வந்து மொய்த்துவிடும். துணியை வீசி விரட்டுவதுதான் வழக்கம். சென்ற வாரம் விரட்டாமல், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொய்யாவைத் துளைத்து முட்டையிடும் பெரிய பழ ஈ வேறு, இது டுரோசோஃபிலா. முட்டையிலிருந்து பத்தே நாளில் முழு ஈயாகிவிடும்.

இந்த ஈயின் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள் குரோமோசோம்கள். பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும்தான். பெண்ணிடம் ஓர் எக்ஸில் வரும் மாற்றத்தை மற்றொன்று மறைத்துவிடலாம். ஆணிடம் மறைக்க ஆளில்லை. 1910-இல் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கண்ணோடு பிறந்த ஆண் ஈயின் கதையும் இதுதான். மறைக்க ஆளில்லாத இடத்தில் நல்ல மாற்றம் உடனே பயன் தந்து பரவும், கெட்டது உடனே கழிக்கப்படும். ஆகவே எக்ஸிலுள்ள மரபணுக்கள் மற்றவற்றைவிட வேகமாக மாறக்கூடும் என்று 1987-இல் பரிணாமவியலாளர்கள் சார்ல்ஸ்வொர்த், காய்ன், பார்ட்டன் மூவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பின்னாளில் ஈக்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது எல்லா மரபணுவிலும் அது தெரியவில்லை. ஆணின் உறுப்புகளில் வேலை செய்பவற்றில்தான் தெளிவாகத் தெரிந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது மைசூர்ப் பல்கலைக்கழகக் கதை. இந்தியாவில் வாழும் நசூட்டா என்ற டுரோசோஃபிலா ஈக்கு எட்டுக் குரோமோசோம்கள். நம் தென்கிழக்காசியாவில் வாழும் அதன் உறவான ஆல்போமிகன்ஸுக்கு ஆறுதான். சாதாரணக் குரோமோசோம் ஒன்று எக்ஸோடும் ஒய்யோடும் ஒட்டிக்கொண்டதால் வந்த குறைவு அது. அங்கு எச்.ஏ.ரங்கநாத், என்.பி.ராமச்சந்திரா ஆகியோர் இரண்டையும் கலப்புச் செய்தார்கள். பிறந்த கலப்பு ஈக்கள் மலடாகவில்லை. தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில், பெற்றோர் இருவருக்கும் இல்லாத குரோமோசோம் அமைப்புகள் ஆய்வுக்கூடப் புட்டிகளிலேயே உருவாயின. 1986-இல் அதை வெளியிட்டார்கள். பரிணாமம் கண்முன்னே நடந்ததைப் பார்த்தவர்கள் நம்மவர்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆல்போமிகன்ஸ் ஆணில் ஒய்யோடு ஒட்டிய துண்டின் நிலைதான் பாவம். டுரோசோஃபிலா ஆண்களில் பொதுவாகக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதில்லை. சேர்ந்த பழுதைக் கழிக்க வழியில்லை. ஆல்போமிகன்ஸில் அந்தத் துண்டு வயதில் இளையது. ஆனாலும் அதிலுள்ள மரபணுக்கள் பல ஏற்கெனவே அடங்கத் தொடங்கிவிட்டன என்று 2012-இல் சீ ஜோவும் டோரிஸ் பாக்ட்ரோக்கும் எழுதினார்கள்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கனிந்த வாழைப்பழத் துண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வையுங்கள். வரும் ஈக்களில் எதற்காவது நெற்றி வெள்ளியாய் மின்னுகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நசூட்டா குடும்பத்து ஆண் ஈக்கு அதுதான் அடையாளம். கண்டால் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்