நாளை காலை எட்டு மணிக்கு

நாளை திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு நம்மில் பாதிப் பேர் எம்ஆர்டி ரயிலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்தபடி நின்றுகொண்டிருப்போம். அதே நேரம் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் ஞாயிறு மாலை ஏழு மணி. அங்கே என்பிஏ கூடைப்பந்து இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் தொடங்கும். ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவும் இந்தியானா பேசர்ஸ் குழுவும் இதுவரை தலா மூன்று ஆட்டங்களை வென்றிருக்கின்றன. நாளை வெல்பவருக்குக் கிண்ணம்.

என் மகனுக்குப் பள்ளி விடுமுறை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பான். எனக்கோ பத்து மணிக்கு அலுவலகத்தில் கூட்டம். "எம்சி எடுத்துடுங்களேன்ப்பா" என்று வெள்ளிக்கிழமையே யோசனை சொன்னான். என் மேலதிகாரியின் மனைவி இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர் என்பது அவனுக்குத் தெரியாது.

"ஆறு ஆட்டம் ஆடியுமா யார் பெரியவங்கன்னு தெரியலை?" என்று கேட்டார் என் மனைவி. கூடைப்பந்தைப் பின்தொடராத வாசகர்களும் இதைக் கேட்கலாம். என்பிஏயில் முதலில் நான்கு வெற்றி பெறும் குழுவுக்கே பட்டம். பெரும்பாலும் ஐந்து, ஆறு ஆட்டங்களில் கதை முடிந்துவிடும். இறுதிச் சுற்று ஏழாவது ஆட்டம் வரை நீள்வது 2016க்குப் பிறகு இதுதான் முதல் முறை. அந்த ஆண்டு லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்ட் குழு, 3-1 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து எழுந்து, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை அவர்கள் ஊரிலேயே 93-89 என்று வென்றது. அப்போது என் மகனுக்கு ஆறு வயது. இப்போது என்னைவிட உயரம்.

இதுவரை நடந்த 19 ஏழாவது ஆட்டங்களில் 15 முறை சொந்த ஊர்க்காரர்களே வென்றிருக்கிறார்கள். நாளை சொந்த ஊர் தண்டருக்கு. இந்த ஆண்டு பிளேஆஃப் சுற்றில் அவர்கள் சொந்த அரங்கில் 12 ஆட்டங்கள் ஆடி இரண்டில்தான் தோற்றார்கள். வழக்கமான பருவத்தில் 68 வெற்றி, 14 தோல்வி. பேசர்ஸ் 50 வெற்றி, 32 தோல்வி. பருவத்தின் தொடக்கத்தில் 10-15 என்று தள்ளாடிய குழு. எண்களை மட்டும் பார்த்தால் நான் இந்தப் பத்தியை இங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் எண்களை நம்பியவர்களுக்குப் பேசர்ஸ் முதல் ஆட்டத்திலேயே பதில் சொல்லிவிட்டது. அந்த ஆட்டத்தில் அவர்கள் 25 முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். நான்காம் கால்பகுதியில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். அப்படி ஆடும் குழு தோற்பதுதான் நியாயம். 0.3 விநாடி மிச்சமிருந்தபோது டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்துக்குள் போனது. 111-110. ஆட்டம் முழுவதிலும் அவர்கள் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான். அலுவலகப் பேண்ட்ரியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் கோப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அதன்பின் இரு குழுவும் மாறி மாறி அடித்துக்கொண்டன. நான்காவது ஆட்டத்தைத் தண்டரின் ஷாய் கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் 35 புள்ளிகளுடன் இழுத்துக் கொண்டுவந்தார். ஐந்தாவதில் ஜேலன் வில்லியம்ஸ் 40 புள்ளிகள் எடுத்தார். தண்டருக்குக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் வெள்ளிக்கிழமை காலை நாம் பார்த்த ஆறாவது ஆட்டத்தில் பேசர்ஸ் இடைவேளைக்கே 22 புள்ளிகள் முன்னால் போய், 108-91 என்று வென்றது. இந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஷாய் அன்று எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார்.

இந்த இரு குழுக்களுக்கும் நடுவில் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. 2017இல் பேசர்ஸின் நட்சத்திரமாக இருந்தவர் பால் ஜார்ஜ். அவரைத் தண்டருக்குக் கொடுத்துவிட்டு விக்டர் ஒலாடிப்போவையும் டொமான்டாஸ் சபோனிஸையும் பேசர்ஸ் வாங்கியது. இரண்டு ஆண்டு கழித்துத் தண்டர் அதே பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவர் ஷாய். கூடவே வந்த இளையர் தேர்வு உரிமைகளில் ஒன்றைக்கொண்டு 2022இல் எடுக்கப்பட்டவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். அதே 2022இல் பேசர்ஸ் சபோனிஸைச் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து ஹாலிபர்ட்டனை வாங்கியது. ஆக, நாளை ஆடப்போகும் இரு குழுக்களின் முதுகெலும்பும் ஒரே மனிதரை விற்றதால் வந்தவை! பால் ஜார்ஜ் இப்போது ஃபிலடெல்ஃபியாவில். அவர் கையில் இன்னும் கிண்ணம் இல்லை.

கிண்ணத்துக்கான பசி இரு ஊர்களுக்குமே உண்டு. பேசர்ஸ் 1970களில் ஏபிஏ என்ற வேறொரு லீகில் பட்டங்கள் வென்றிருந்தாலும் என்பிஏ பட்டம் ஒருமுறைகூட வென்றதில்லை. 2000இல் இறுதிச் சுற்றுவரை வந்து லேக்கர்ஸிடம் தோற்றார்கள். தண்டர் 2008இல் சியாட்டிலிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்த குழு. சியாட்டிலில் இருந்தபோது 1979இல் ஒரு பட்டம்; புதிய ஊருக்கு வந்தபின் ஒன்றுமில்லை.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? நான் இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் பேசர்ஸின் ஆண்ட்ரூ நெம்பார்ட். ஷாயை மறித்து நிற்கும் வேலை பெரும்பாலும் இவருக்குத்தான். இருவரும் கனடாக்காரர்கள், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே குழுவில் ஆடியவர்கள். ஷாய் எந்தப் பக்கம் தோளைச் சாய்த்துவிட்டு எந்தப் பக்கம் நிற்பார் என்பது நெம்பார்ட்டுக்கு அத்துப்படி. தெரிந்தும் தடுக்க முடியாமல் போவது வேறு விஷயம்.

இன்னொருவர் டி.ஜே. மெக்கானல். வயது 33, உயரம் 1.85 மீட்டர். என்பிஏயில் அது குள்ளம். எந்தக் குழுவும் தேர்வில் எடுக்காமல் விட்ட ஆள். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, எதிராளி பந்தை உள்ளே எறியும்போதே பாய்ந்து பிடுங்குவார். ஆறாவது ஆட்டத்தில் 12 புள்ளி, ஒன்பது ரீபவுண்ட், ஆறு அசிஸ்ட், நான்கு ஸ்டீல். என் மகன் புளோக்குக் கீழே இருக்கும் திடலில் இப்போது அவரைப் போலத்தான் ஆடப் பார்க்கிறான். போன மாதம் வரை ஷாயைப் போல. சிறுவர்கள் வேகமாகக் கட்சி மாறுகிறார்கள்.

இனி, வெள்ளிக்கிழமையிலிருந்து என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: ஹாலிபர்ட்டனின் வலது கெண்டைக்கால்.

ஐந்தாவது ஆட்டத்தில் அந்தத் தசையில் காயம். அன்று அவர் ஆறு முறை எறிந்து ஒன்றும் உள்ளே போகவில்லை. ஃபிரீ த்ரோவில் மட்டும் நான்கு புள்ளி. ஆறாவதில் ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆடினார். 23 நிமிடம், 14 புள்ளி. வெற்றி கைக்கு வந்ததும் உட்கார வைத்துவிட்டார்கள். நாளை அப்படி உட்கார வைக்க முடியாது.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டி வைத்திருப்பது அக்கிலீஸ் தசைநாண். 2019இல் கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்துடன் ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு, இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்துக்குத் திரும்பினார். 12 நிமிடம் ஆடினார். அக்கிலீஸ் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. எல்லாக் கெண்டைக்கால் காயமும் அப்படி முடிவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஆண்டு பிளேஆஃப் சுற்றிலேயே டேமியன் லில்லார்டுக்கும் ஜேசன் டேட்டமுக்கும் அந்த நாண் அறுந்ததைப் பார்த்துவிட்டோம். லில்லார்டுக்கு அது நடந்தது பேசர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில். ஹாலிபர்ட்டன் அன்று அதே திடலில் இருந்தார்.

அவருக்கு வயது 25. கடந்த ஏப்ரலில் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் என்பிஏ ஆட்டக்காரர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டபோது, 'தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர்' என்று அதிகம் பேர் சொன்னது இவர் பெயரைத்தான். அதற்குப் பிறகு மில்வாக்கி, கிளீவ்லேண்ட், நியூயார்க், ஓக்லஹோமா என்று நான்கு சுற்றிலும் கடைசி விநாடிகளில் எறிந்து ஆட்டத்தைத் திருப்பியவர். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "தம்பி, காலைப் பார்த்துக்கொள், அடுத்த ஆண்டு வரலாம்" என்று எந்த மருத்துவர் சொல்வார்? சொன்னால் இவர் கேட்பாரா? இந்தியானா கடைசியாக இறுதிச் சுற்றுக்கு வந்து 25 ஆண்டு ஆகிறது.

பாலிடெக்னிக்கில் படித்தபோது நானும் வீங்கிய கணுக்காலுடன் ஒரு வகுப்புப் போட்டியில் ஆடினேன். பெரிய கிண்ணமெல்லாம் இல்லை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பதக்கம். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. தோற்றோம். இன்றும் மேம்பாலப் படியிலிருந்து இறங்கும்போது அந்தக் கால் ஒருமுறை நின்று யோசிக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது மகனிடம், "நீயா இருந்தா ஆடுவியா?" என்று கேட்டேன். "கண்டிப்பா" என்றான், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நீங்க என்னை விடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டான். அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சரி, என் கணிப்பு. தண்டர் வெல்லும், ஏறக்குறைய பத்துப் புள்ளி வித்தியாசத்தில். சொந்த அரங்கு, இரண்டு நாள் ஓய்வு, ஆறாவது ஆட்டத்தின் அவமானம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். டென்வருடனான இந்த ஆண்டின் ஏழாவது ஆட்டத்தை அவர்கள் இதே அரங்கில் 125-93 என்று வென்றார்கள். பேசர்ஸும் ஏழாவது ஆட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். சென்ற ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனிலேயே 130-109 என்று வென்றவர்கள். பேசர்ஸ் பயிற்றுநர் ரிக் கார்லைலுக்கு வயது 65. 2011இல் டாலஸுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர். தண்டரின் மார்க் டெய்க்னால்ட்டுக்கு 40. முதல் கால்பகுதியில் தண்டர் பந்தைப் பறிகொடுக்க ஆரம்பித்தால் என் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மகன் பேசர்ஸ் கட்சி. பந்தயமும் கட்டியாகிவிட்டது. பேசர்ஸ் வென்றால் நான் அவனுக்குப் புதுக் காலணி வாங்கித்தர வேண்டும். தண்டர் வென்றால் ஒரு வாரம் அவன் பாத்திரம் கழுவ வேண்டும். காலணியின் விலையைப் பார்த்த பிறகு தண்டர் மீது என் பற்று கூடியிருக்கிறது.

நாளை நான் எதையும் நேரலையில் பார்க்கப்போவதில்லை. இரவு வீட்டுக்கு வந்து முழு ஆட்டத்தையும் பார்ப்பதாகத் திட்டம். அதுவரை அலுவலகத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். புள்ளிக் கணக்கை அனுப்பக்கூடாது என்று மகனுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஹாலிபர்ட்டன் நொண்டாமல் ஓடுகிறாரா என்பதை மட்டும் எட்டரை மணிக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.