யாருடைய இடருக்கு யார் வட்டி கட்டுவது?

கடன் வழங்குவோர் ஆராய வேண்டியவை இரண்டு. பெறுபவர் திருப்பிச் செலுத்தும் இயல்புடையவரா என்பது ஒன்று. தவறினால் எதைப் பற்றிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இலங்கையின் ஊவாவில் பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருவது பெரும்பாலும் இரண்டாவது வினாவே. தோட்டத் தொழிலாளியின் நாணயத்தை அளந்து பார்க்க முனைந்தோர் அரியர்.

துண்டு முறையை நினைவுகூர்வோம். கங்காணி கொடுத்த முற்பணத்தோடு வழிச்செலவும் சேர்ந்து, தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே தொழிலாளி கடனாளியானார். இத்தனை ரூபாயைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதித் தந்ததே துண்டு. வேறொரு துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றார்; அத்தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏறியது. உழைக்கும் உடலே கடனுக்குப் பிணையாக நின்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. அதை ஈன்ற எண்ணம் மாய்ந்துவிடவில்லை.

இன்று அந்த எண்ணம் காணி உறுதியின் வடிவில் வந்து நிற்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குரியது, அங்கே பிறந்து, வாழ்ந்து, மடிபவருக்கு உரியதன்று. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வழங்கும் திட்டம் சிலரை எட்டியது, பலரை எட்டவில்லை. அடகு வைக்க நிலமில்லாதவரை வங்கி இடர்மிக்கவர் எனக் கணிக்கிறது. நிலம் இல்லாமற் போனது அவர் குற்றமா?

எஞ்சியிருப்பது தாலிக்கொடியும் தோடும். அடகு பிடிப்பவர் நகையைக் கல்லில் உரைக்கிறார், அமிலம் இடுகிறார், தராசில் நிறுக்கிறார். நீட்டிய கையைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

நகையும் தீர்ந்தபின் நுண்கடன் வருகிறது. அங்கே பிணை அயல்வீட்டுப் பெண். குழுவில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே அவள் ஏற்கெனவே எத்தனை இடத்தில் கடன்பட்டிருக்கிறாள் என்று பார்க்கும் கடமையைக் கடன் தருபவர் கைகழுவிவிடுகிறார். 2018இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை சென்றதை எடுத்துரைத்தார். இதை இடருக்கான விலை என்று ஏற்க நாம் மறுக்கிறோம். கேட்க வேறிடம் இல்லாதவரிடம் பறிக்கப்படும் தொகை அது.

உண்மையில் இடரை உண்டாக்குபவர் யார்? கச்சான் காற்றில் கொழுந்து வற்றும்போது வேலை நாளைக் குறைப்பது தோட்ட நிர்வாகம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் கூலியான அரைப்பேர் போடுவதும் நிர்வாகமே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயங்கள், முன்னரே எச்சரிக்கப்பட்ட சரிவில் நின்றவை. அந்தச் சரிவைத் தேர்ந்தவர்கள் தொழிலாளர் அல்லர். பிறர் உண்டாக்கிய இடருக்கு அவர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

நாணயத்துக்குச் சான்று இல்லை என்று சொல்லவும் முடியாது. ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, கோயில் வரி, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என ஒவ்வொன்றாகக் கழிந்து, கைக்கு வருவது கடைசி வரியில் நிற்கும். ஆண்டுதோறும் பெற்ற முற்பணம் ஆண்டுதோறும் அடைபட்டதற்கு, வேலைநாளும் கூலியும் பதியும் செக்ரோலே சாட்சி. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த கொடுகடன் தகவல் பணியகமோ வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் விவரங்களையே திரட்டுகிறது. முப்பது ஆண்டு முற்பணத்தை ஒழுங்காக அடைத்தவர் அதன் ஏட்டில் இல்லாதவர். இல்லாதவரை நம்பத்தகாதவராகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த அநீதி நம்மை வருத்துகிறது.

வீட்டுக் காணிகளுக்கு வங்கி ஏற்கும் உறுதியை அரசு வழங்கியே ஆக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை செக்ரோலையும் சேமலாப நிதிக் கணக்கையும் வங்கிகள் கடன் வரலாறாகக் கொள்ளட்டும். அந்நிதியின் மீதியில் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக்கும் வழி ஏற்கெனவே உண்டு. தோட்டத்து மகளிருக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்லவும், விண்ணப்பத்தைத் தமிழில் ஏற்கவும் ஓர் அலுவலர் வேண்டும். ஊவாவில் கிளை நடத்தும் அரச வங்கிகள் இவ்வலுவலரை அமர்த்தப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.