இரும்பு மழை பொழியும் உலகம்

மழை என்றதும் நம் நினைவுக்கு வருவது நீர். ஆனால், இரும்பே உருகித் துளித்துளியாய் வீழும் கோளொன்று உண்டு என 2020ஆம் ஆண்டில் உலகப் பத்திரிகைகள் எழுதின. இது மெய்யோ, வெறுங் கற்பனையோ என்ற வினா மாணவர் உள்ளத்தில் எழுதல் இயல்பே.

நமது ஞாயிற்றையொத்த பிற உடுக்களையும் கோள்கள் சுற்றுகின்றன. அத்தகைய முதற் கோளை 1995ஆம் ஆண்டில் மிசேல் மேயர், டிடியே குவெலோ என்னும் சுவிற்சர்லாந்து விண்ணியலாளர் இருவர் கண்டறிந்தனர். 2019ஆம் ஆண்டில் நொபெல் பரிசிலும் பங்கு பெற்றனர். அது வியாழனைப் போன்ற பெரும் வாயுக் கோளம். எனினும் தன் உடுவை மிக நெருங்கி நின்று வெந்துகொண்டிருப்பது. இவ்வகைக் கோள்களை 'வெப்ப வியாழன்கள்' என்பர்.

இரும்பு மழைக் கதைக்கு உரிய கோளின் பெயர் வாஸ்ப்-76பி. மீனராசி உடுக்கூட்டத்தில், ஏறத்தாழ 640 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதற்கு ஓர் ஆண்டு என்பது நமது 43 மணித்தியாலமே. சந்திரன் பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இதுவும் தன் உடுவுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஆகவே ஒரு புறம் ஓயாத பகல்; மறுபுறம் விடியாத இரவு. பகற்புற வெப்பநிலை 2,400 செல்சியஸ் பாகைக்கு மேற்பட்டது. அங்கே இரும்பு ஆவியாய்த் திரிகிறது.

இவ்வளவு தொலைவிலுள்ள கோளின் வானிலையை அறிவது எங்ஙனம்? கோள் தன் உடுவின் முன்னே கடக்கும்போது, உடுவின் ஒளியிற் சிறு பகுதி கோளின் வளிமண்டல விளிம்பை ஊடுருவி நம்மை அடைகிறது. அங்குள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். வந்த ஒளியை நிறமாலையாக விரித்து, குறைந்த நிறங்களை நோக்கினால் பொருள் இன்னதெனத் தெளியலாம். மேலும், நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் உச்சத்தில் ஒலிப்பதுபோல, நம்மை நோக்கி வீசும் வளியின் கோடுகள் நீலப்பக்கம் நகரும். காற்றின் வேகத்தையும் இதனாற் கணிக்கலாம்.

சிலி நாட்டு மலையுச்சியிலுள்ள பெருந் தொலைநோக்கியோடு எஸ்பிரெசோ என்னும் நிறமாலைக் கருவியை இணைத்து, டேவிட் எரன்ரைக் குழுவினர் இக்கோளை ஆராய்ந்தனர். பகல் முடிந்து இரவு தொடங்கும் மாலை விளிம்பில் இரும்பாவி தெளிவாய்த் தென்பட்டது. இரவு முடியும் காலை விளிம்பிலோ அதன் சுவடு காணப்படவில்லை. இரவுக்குள் நுழைந்த இரும்பு அங்கே குளிர்ந்து மழையாய் வீழ்ந்திருத்தல் வேண்டும் என அவர்கள் கருதினர்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இரும்பாவி கண்டறியப்பட்டது, இரும்புத் துளியை எவரும் கண்டிலர். பின்னர் கணினி மாதிரிகள் கொண்டு ஆராய்ந்த வேறு அறிஞர், காலை விளிம்பின் வளி குளிர்ந்து சுருங்கியிருப்பினும், உயர்ந்த முகில்கள் அதனை மறைத்திருப்பினும் இத்தகைய அடையாளம் தோன்றலாம் எனக் காட்டினர்.

ஆதலின் இரும்பு மழையைப் பொய்யென ஒதுக்கவும் வேண்டா. முடிந்த முடிபெனக் கொள்ளவும் வேண்டா. கண்டது எது, கண்டதைக்கொண்டு கருதியது எது எனப் பிரித்தறியும் பழக்கமே விஞ்ஞானம் பயில்வோர்க்கு முதற் பாடம்.