தங்கத்துக்கு லாக்கர், கவரிங்குக்குப் பிஸ்கட் டப்பா

நடுத்தரக் குடும்பம் ஒன்றில் தங்க நகை எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். வங்கி லாக்கரில் இருக்கும். இல்லையென்றால் பீரோவின் உள்ளறையில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் இருக்கும். அதே வீட்டில் போன வாரக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட ஜிமிக்கியின் ஜோடி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பிஸ்கட் டப்பா, டிவி மேஜையின் இழுப்பறை, சாமி அலமாரியின் ஓரம், குளியலறை ஜன்னல் கட்டை என்று தேடல் தொடங்கிவிடும். ஒட்டுப்பொட்டு முகம்பார்க்கும் கண்ணாடியில் இருக்கும், ஊக்கு தாலிச் சங்கிலியில் தொங்கும், திருகாணி எங்கேயும் இருக்காது. இதை யாருடைய சோம்பலாகவும் நான் பார்க்கவில்லை. நம் வீடுகளில் அணிபொருள்களை வைக்கும் முறை முழுக்கத் திருட்டுப் பயத்திலிருந்து பிறந்தது. விலை உயர்ந்ததை மறைத்து வைக்கக் கற்றுக்கொண்டோம். அன்றாடம் அணிகிறவற்றுக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று எண்ணவே இல்லை. அதனால்தான் கவரிங் நகையும் கொலுசும் கைப்பையும் பெல்ட்டும் கைக்கடிகாரமும் திருடர் கை படாமலேயே நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த முறையில் காவல் தலைகீழாக அமைந்திருக்கிறது. காலத்தால் மிகக் குறைவாகக் கெடுவது தங்கம். ஆதிச்சநல்லூரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, தாழிகளோடு புதைந்திருந்த தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. மண்ணும் ஈரமும் இத்தனை நூற்றாண்டுகள் சூழ்ந்திருந்தும் தங்கம் தங்கமாகவே வெளியே வந்தது. கூடவே கிடைத்த இரும்புப் பொருள்களை அரித்தது துரு. தங்கத்தைக் காற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை, மனிதரிடமிருந்து காப்பாற்றினால் போதும். அதற்கு நாம் செய்திருக்கும் ஏற்பாடும் பெரியது. இந்தியக் குடும்பங்களிடம் சுமார் 25,000 டன் தங்கம் இருக்கலாம் என்பது உலகத் தங்கக் கவுன்சிலின் மதிப்பீடு. அதன் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. ஆனால் காற்றும் வியர்வையும் உராய்வும் தின்று தீர்க்கிற வெள்ளி, முத்து, முலாம், தோல் ஆகியவை ஒரே டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

அந்த டப்பாவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவரிங் நகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. மேலே இருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கழுத்திலிருந்து கழற்றிய கையோடு துடைக்காமல் டப்பாவில் போட்டால், வியர்வையின் உப்பும் ஈரமும் அந்தத் துளைகள் வழியே செம்பைத் தொடும். சில நாளில் பச்சைக் களிம்பு கிளம்பும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அது வைத்த முறையின் குறை. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஜிப் வைத்த சிறு பிளாஸ்டிக் உறையில், காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி வைத்தால் அதே நகை பல மடங்கு காலம் நிற்கும். வெள்ளியின் எதிரி வேறு. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு சேர்ந்து கரிய சில்வர் சல்பைடு ஆகிறது. கந்தகம் கலந்த பொருள் பக்கத்தில் இருந்தால் கருப்பது விரைவாகும். ரப்பரில் கந்தகம் உண்டு, கம்பளியிலும் உண்டு. கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பது, கருக்க வேண்டும் என்று நாமே வரவழைப்பதற்குச் சமம். கருத்த பிறகு பாலிஷ் போடலாமே என்றால், ஒவ்வொரு தேய்ப்பிலும் வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் போகிறது. நுண்ணிய வேலைப்பாடு முதலில் மழுங்கும்.

முத்தோ இவை இரண்டுக்கும் நேர் எதிர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்துப் பேர்பெற்ற தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்து என்பது சிப்பி சுரந்த கால்சியம் கார்பனேட் அடுக்குகள், அவற்றைப் பிணைக்கும் புரதம், கொஞ்சம் நீர். புளித்த எதுவும் அதற்கு ஆகாது. வியர்வையின் லேசான அமிலமும் வாசனைத் திரவியமும் பளபளப்பைக் குறைக்கும். வறண்ட வெப்பத்தில் நெடுங்காலம் அடைத்து வைத்தால் அது மங்கும், வெடிக்கவும் செய்யும். கவரிங்குக்கு உகந்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை முத்துக்கு ஆகாது; மெல்லிய துணிப்பையே அதற்குச் சரியான இடம். முத்துச் சரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டால் பட்டு நூல் நெகிழ்ந்துபோகும், படுக்க வைக்க வேண்டும். போதாக்குறைக்கு உராய்வு. கடினத்துக்கான மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கல் 8-க்கு மேல். தங்கம் 3-க்குள், முத்து 2.5 முதல் 4.5 வரை. எல்லாம் ஒரே டப்பாவில் குலுங்கினால் எது எதைக் கீறும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பொருளுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாக இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பெட்டி என்ற எண்ணமே தவறு.

நகையோடு இது முடியவில்லை. ரெக்ஸின் கைப்பையும் செயற்கைத் தோல் பெல்ட்டும் பயன்படுத்தாமலே உரிகின்றன. புதிதாகவே இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் போட்ட பையை இரண்டு வருடம் கழித்து எடுத்தால் தோல் தோலாகக் கொட்டும். இத்தகைய பைகள் பலவற்றின் மேற்பூச்சான பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைகிற பொருள். பரணின் வெப்பமும் காற்றோட்டமின்மையும் அதை விரைவுபடுத்துகின்றன. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. உண்மையான தோலில் பூஞ்சணம் பிடிக்க இதுவே போதுமானது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அத்தனை உழைப்பில் பதப்படுத்தப்படும் தோல், நம் அலமாரியில் காற்றில்லாமல் வெளுத்துப் பூத்துப் போகிறது. பழைய துணியோ வெள்ளைத் தாளோ உள்ளே அடைத்து வடிவம் குலையாமல் நிறுத்தி, துணி உறை போட்டு வைத்தால் அந்தப் பை பிழைக்கும். ஓடாத கைக்கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுவதும் இதில் சேர்ந்ததுதான். கசிந்த பேட்டரி உள்ளிருக்கும் இயந்திரத்தை அரித்துவிடும்.

பூட்டிவைத்தால் காப்பாற்றியாயிற்று என்ற நம்பிக்கையை விட வேண்டும் என்கிறேன். பொருளின் தன்மை அறிந்து, கைக்கு எட்டும் இடத்தில், கண்ணில் படும்படி வைக்க வேண்டும். நம் சமையலறைகள் இதை எப்போதோ செய்துவிட்டன. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் தனித்தனிக் கிண்ணம். திறந்ததும் எல்லாம் தெரியும். தீர்ந்தது எது என்பதும் தெரியும். அந்த அறிவு படுக்கையறைக்குள் வந்து சேரவில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு திருட்டு. கண்ணில் படும்படி வைத்தால் களவு போகாதா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. தனியாக வாழும் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் அது இன்னும் நியாயமானது. தங்கத்தை வெளியே பரப்பச் சொல்லவில்லை. தங்கத்தையும் மற்றவற்றையும் பிரிக்கச் சொல்கிறேன். பிரித்தால் தங்கத்தின் காவலும் கூடும், ஏனென்றால் கவரிங் வளையல் தேடி பீரோவின் உள்ளறையை நாளுக்கு நான்கு முறை திறக்க வேண்டியிராது. லாக்கரையும் முழுக் காப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு நின்றுவிடும். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது சில பவுனுக்குமேல் காணாது. நிலநடுக்கம், வெள்ளம், இடி போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் தரப்பில் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் இல்லை. உள்ளே என்ன இருந்தது என்பதை வங்கி அறியாது. அது நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கத் தனி அடையாளம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்டு, நகையைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை? பட்டியல் இல்லாத பூட்டைவிடப் பட்டியல் உள்ள பூட்டு வலிமையானது. தாயின் நகையைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும் நாளில் அந்தப் பட்டியலின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

இடமில்லையே என்பது அடுத்த மறுப்பு. ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் நகைக்கு அலமாரி எங்கே செய்வது? உண்மையில் இடத்தைவிட ஆழமே சிக்கல். நம் அலமாரிகளின் தட்டுகள் புடவைக்கும் சட்டைக்கும் அளவெடுத்தவை. இரண்டடி ஆழமுள்ள தட்டில் தோட்டை வைத்தால் அது பின்னால் போய் மறையத்தான் செய்யும். சிறு பொருளுக்கு வேண்டியது மூன்று அங்குல உயர இழுப்பறை, அல்லது கதவின் உட்புறம். பீரோ கதவின் உள்பக்கம் வீட்டில் வெறுமனே கிடக்கும் இடங்களில் ஒன்று. அங்கே துணியில் தைத்த பல பைகள் கொண்ட தொங்கலை மாட்டினால் கம்மல், ஹேர் கிளிப், ரப்பர் பேண்டு, ஊக்கு எல்லாம் அடங்கும். வளையலுக்கு ஒரு கம்பி, அல்லது கெட்டி அட்டையில் சுருட்டிய உருளை. பெல்ட்டுக்கு இரண்டு கொக்கி. இவற்றில் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒழுங்குபடுத்துவதற்கென்றே அக்ரிலிக் பெட்டிகளை வாங்கிக் குவிப்பதும் இன்னொரு குவியல்தான். முதலில் பிரித்து, தேவையற்றதைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதற்கு எத்தனை அறை வேண்டும் என்று பார்த்த பிறகு வாங்கலாம்.

நூறு ரூபாய்த் தோட்டுக்கு இத்தனை பாடா, போனால் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். இந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடே இல்லை. நூறு ரூபாய் என்பது ஒரு முறை. இருப்பது தெரியாததால் மறுபடியும் மறுபடியும் வாங்குகிறோம். கறுப்பு ஹேர் பேண்டும் ஊக்கு அட்டையும் ஒவ்வொரு பண்டிகைக்கும் புதிதாக வருகின்றன, பழையவை டப்பாவின் அடியில் அப்படியே இருக்கின்றன. கலப்பு உலோகமும் கல்லும் பசையும் சேர்ந்த மலிவு நகையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப இங்கே எளிய வழி இல்லாததால் அது குப்பைமேட்டுக்கே போகிறது. மேலும், விலை குறைந்தது என்பதால் மதிப்பும் குறைந்தது என்று யார் சொன்னது? தங்கம் வாங்க முடியாத வீட்டில் பெண் பிள்ளையின் கல்யாண அலங்காரமே கவரிங்தான். சிதம்பரத்துக் கவரிங் ஆரமும் ஒட்டியாணமும் அணிந்து மணவறையில் அமர்ந்த பெண்ணுக்கு அது மலிவுப் பொருள் அல்ல. அதைத் துடைத்து, உறையிலிட்டு, அடுத்த தங்கைக்கும் அதே பளபளப்போடு கொடுப்பது அந்தக் குடும்பத்தின் கௌரவம்.

மிகவும் கனமான மறுப்பு கடைசியாக வருகிறது. இத்தனை துடைப்பும் பிரிப்பும் யார் செய்வது? ஏற்கனவே சமையலும் துணியும் பாத்திரமும் சுமக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறீர்கள் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முன் தயங்கி நிற்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய நிலையைப் பாருங்கள். எந்தப் பொருள் எங்கே என்பது வீட்டில் ஒரே ஒருத்தியின் நினைவில் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் மகளின் ரிப்பன், அலுவலகத்துக்குக் கிளம்பும் கணவரின் பெல்ட், மாமியாரின் மூக்குத்திக்குத் திருகாணி, எல்லாவற்றையும் தேடித் தருகிறவள் அவள்தான். அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில்தான் அந்தக் குரலும் வரும். இடம் நிலையாகி, பெயர் எழுதி ஒட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால் அந்த நினைவுச்சுமை அவளிடமிருந்து இறங்கும். பெல்ட்டைக் கழற்றுகிறவர் கொக்கியில் மாட்டலாம். கிளிப்பைக் கழற்றும் எட்டு வயதுப் பெண் அதைத் தன் பையில் போடலாம். கொக்கியும் பையும் அவள் உயரத்துக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொருள் எங்கே போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்போது, திரும்ப வைக்காத ஆணுக்குச் சாக்குச் சொல்ல வாய்ப்பில்லை.

வீடு கட்டுகிறவர்களும் அலமாரி செய்யக் கொடுப்பவர்களும் இதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கலாம். தச்சரிடம் புடவைத் தட்டு எத்தனை, கோட்டு தொங்கவிடும் கம்பி எங்கே என்று பேசும்போது, கண் மட்டத்தில் மூன்று அங்குல இழுப்பறைகள் இரண்டும், கதவுக்குள் கொக்கி வரிசை ஒன்றும், காற்றுப்போக அலமாரியின் முதுகில் சில துளைகளும் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் செலவு பெரிதாகக் கூடாது. அலமாரியை வெளிச்சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினால் மழைக்கால ஈரம் முதுகுப் பலகையில் ஏறாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தக் கடைசி வேலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.