பெருத்தது பெருப்பது இயற்கையா?

"இருப்பவருக்கே மேலும் சேரும், வலைப்பின்னல்களின் இயற்கை அது. இதில் அரசு கைவைப்பது வீண்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். துணைக்கு 1999-இல் பராபாசியும் ஆல்பர்ட்டும் வலைப்பின்னல் வளர்ச்சி பற்றி எழுதிய ஆய்வை இழுக்கிறார். முழுக்கப் படித்தாரா என்பது சந்தேகம்தான்.

அந்த ஆய்வு வைத்த மாதிரியில் புதுப்புது முனைகள் வந்து சேரும். எதுவும் சாகாது, எந்த இணைப்பும் அறுபடாது. முந்தி வந்தவருக்கே யோகம். அப்படியானால் 1995-இல் வந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியை 1998-இல் பிறந்த கூகுள் ஓரங்கட்டியது எப்படி? இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2001-இல் பியான்கோனியோடு சேர்ந்து பராபாசியே, முனைகளுக்குத் 'தகுதி' என்றொரு அளவைச் சேர்த்தார். 2019-இல் புரோய்டோவும் கிளாசெட்டும் ஏறத்தாழ ஆயிரம் வலைப்பின்னல்களைச் சோதித்தார்கள். சில முனைகளிடமே இணைப்புகள் குவியும் என்று அந்த மாதிரி சொல்லும் அடுக்கு விதிக்கு மிக வலுவான சான்று கிடைத்தவை வெறும் 4 சதவீதம். நல்ல இயற்கை!

அரசு கைவைத்த கதைக்கும் வருவோம். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல கடைக்காரர்கள் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார்கள்: ஒன்று பெல், இன்னொன்று உள்ளூர் கம்பெனி. இதிலிருந்து அதற்குப் பேச முடியாது. 1913-இல் ஏகபோகத் தடைச் சட்டம் கழுத்தை நெரித்த பிறகே, பெல்லின் தாய்க் கம்பெனியான ஏடி அண்ட் டி தன் தொலைதூர லைன்களைப் போட்டிக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகும் அது சிறு கம்பெனிகளை விழுங்கியதே என்பார் கட்டுரையாளர். விழுங்கியது, உண்மை. ஆனால் அதற்கும் 1921-இல் ஒரு சட்டம் போட்டு வழிவிட்டது அமெரிக்க நாடாளுமன்றம்தான்.