செய்திக்குக் கூலி கொடுத்தது யார்?

'வெளிநாட்டுப் பணம்!'

இந்த இரண்டு சொற்களுக்கு நம் நாட்டில் இருக்கிற பலம் வேறு எதற்கும் இல்லை. ஓர் ஆலையின் புகையைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதினால் வெளிநாட்டுப் பணம். ஆற்றில் சாம்பல் வந்து விழுகிறது என்று ஒரு மீனவர் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினால் வெளிநாட்டுப் பணம். புகை இருக்கிறதா, சாம்பல் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும். பதில் சொல்ல வேண்டியவன் கேள்வி கேட்பவனாகி விடுகிறான்!

இந்த வித்தை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. வளைகுடாவில் வியர்வை சிந்திய பிள்ளை அனுப்பிய காசில் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு சுற்றுச்சுவர் எழுப்பினாலும் 'அரபுப் பணம்' என்று எழுதிய பேனாக்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப் பார்த்தவர்கள் என்பதாலேயே, கேள்வியே தவறு என்று சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. செய்திக்குப் பணம் கொடுத்தவன் யார் என்பது நியாயமான கேள்வி. அதை ஒரு பக்கத்தாரிடம் மட்டும் கேட்பதுதான் அயோக்கியத்தனம்!

செய்தியே வழக்காகும் காலம்

இது ஏதோ பத்திரிகைக்காரர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று கடையில் இருக்கும் சகோதரர் நினைக்கலாம். அப்படியல்ல. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. யாரும் மனுச் செய்யாமலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து ஒரு விவகாரத்தை எடுத்து விசாரிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. காலையில் வந்த பத்திரிகைச் செய்தியே மனுவாகி விடலாம் என்று இதற்குப் பொருள்.

நம் கண்முன்னே நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டையும் தீர்ப்பாயம் தானாகவே கையில் எடுத்தது. செய்தி வந்திராவிட்டால்?

ஒரு செய்திக்கு ஓர் ஆலையைக் கோர்ட்டுக்கு இழுக்கும் சக்தி வந்துவிட்ட பிறகு, அந்தச் செய்தியை எழுதியவரின் சம்பளம் யாருடையது என்று ஆலைக்காரர் கேட்பதை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். செய்தி வெளிவராமல் போனபோது அதில் யாருடைய பணம் வேலை செய்தது என்று மீனவர் கேட்டாலும் அதே மரியாதை வேண்டும் என்கிறோம். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்த கதை

இந்த வாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுவது அமெரிக்கா. 2015-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஏட்டுடன் சேர்ந்து எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியைப் பற்றி எழுதினார்கள். பூமி சூடாவதைப் பற்றிக் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது செய்தி. அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் ராக்பெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளைகளும் இருந்தன. (எக்ஸானின் மூதாதைக் கம்பெனியை உருவாக்கியவரே ஒரு ராக்பெல்லர்தான். தாத்தா தோண்டிய கிணற்றைப் பேரப்பிள்ளைகள் மூடப் புறப்பட்டார்கள்!) கம்பெனி பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதியது. பிறகு 2017-லிருந்து அமெரிக்க நகரங்களும் மாவட்டங்களும் எண்ணெய்க் கம்பெனிகள் மீது நஷ்டஈட்டு வழக்குகள் தொடுத்தன. அவற்றில் பலவற்றை நடத்தும் வக்கீல் நிறுவனத்துக்கும் அறக்கட்டளைப் பணம் போயிருக்கிறது. 2022-இல் ஏ.பி. செய்தி நிறுவனம் தட்பவெப்பச் செய்திகளுக்காக ஐந்து அறக்கட்டளைகளிடமிருந்து 80 லட்சம் டாலருக்கு மேல் பெறுவதாக அறிவித்தது. வாங்கியதை அறிவித்துவிட்டு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆக, வழக்குப் போடுகிறவருக்கும் வழக்கைப் பற்றி எழுதுகிறவருக்கும் ஒரே வகைப் பணப்பையிலிருந்து காசு வருகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. வாசகனுக்கு அது செய்தியின் அடியிலேயே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கோ ஓர் ஆண்டறிக்கையின் மூலையில் போட்டிருக்கிறோம் என்பது பதிலாகாது.

இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். செய்திக்குக் காசு கொடுத்தது ராக்பெல்லராக இருக்கலாம். காகிதம் யாருடையது? கம்பெனியின் சொந்த ஆவணங்கள்! 1977 முதல் 2003 வரை எக்ஸான் விஞ்ஞானிகள் போட்ட வெப்பக் கணிப்புகளை 2023-இல் 'சயின்ஸ்' ஆய்வேடு எடை போட்டது. அவற்றில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாகவே இருந்தன. அதே கம்பெனிதான் வெளியே, பூமி சூடாவதில் சந்தேகம் கிளப்பிய அமைப்புகளுக்கும் காசு கொடுத்தது. காசு கொடுத்தவனைக் காட்டி ஆவணத்தைப் பொய்யாக்க முடியாது.

தேர்வாய் கண்டிகையும் பாரிஸும்

தூரத்துக் கதை போதும். நம் கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கே வருவோம். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் பூங்காவுக்காக மேய்ச்சல் நிலமும் காடும் எடுக்கப்பட்டபோது அந்த ஊர் மக்கள் எதிர்த்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். அங்கே மிஷலின் டயர் தொழிற்சாலை வந்தது. 2012-இல் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்புடன் ஷெர்பா, சி.சி.எஃப்.டி. என்ற பிரெஞ்சுத் தொண்டு அமைப்புகளும் சி.ஜி.டி. தொழிற்சங்கமும் சேர்ந்து பாரிஸில் புகார் கொடுத்தன. பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான ஓ.இ.சி.டி. நெறிகள் மீறப்பட்டனவா என்று விசாரிக்கும் அமைப்பு அங்கே இருக்கிறது. 2013-இல் அது கம்பெனி நெறிகளை மீறவில்லை என்றது. ஆனால் பாதிப்புகளை ஆராய்வது குறித்துக் கம்பெனிக்குச் சில பரிந்துரைகளும் வைத்தது.

'பார்த்தீர்களா, வெளிநாட்டு அமைப்பு!' என்பார்கள். ஆம், வெளிநாட்டு அமைப்புதான். கம்பெனி மட்டும் எந்த ஊர்? பிரான்ஸிலிருந்து முதலீடு வந்தால் சிவப்புக் கம்பளம், பிரான்ஸிலிருந்து புகார் மனுவுக்குத் துணை வந்தால் தேசத் துரோகமா? மாடு மேய்த்த ஒருவர் பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது என்றால் திருவள்ளூரிலும் சென்னையிலும் அவருக்கு எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்றல்லவா கேட்க வேண்டும்!

தனக்குத் தானே மன்னிப்பு

2014-இல் மத்திய உளவுத்துறையின் அறிக்கை ஒன்று வெளியே வந்தது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளால் நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது என்று அதில் கணக்குச் சொன்னார்கள். 2015-இல் கிரீன்பீஸ் இந்தியாவின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது. 2022 செப்டம்பரில், பல செய்தி நிறுவனங்களுக்கு நிதி தரும் பெங்களூர் அறக்கட்டளை ஒன்றில் வருமானவரித் துறை புகுந்தது. அதன் காசு இந்தியக் கொடையாளர்களின் காசு! 2023 ஏப்ரலில் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ரித்விக் தத்தா மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அமெரிக்காவின் 'எர்த்ஜஸ்டிஸ்' பணத்தில் நிலக்கரித் திட்டங்களை முடக்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு என்றுதான் நாமும் எழுதுகிறோம். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும்.

இந்த உத்தமர்களின் சொந்தக் கணக்கு என்ன? 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம், வேதாந்தா குழுமத்தின் கம்பெனிகளிடமிருந்து நன்கொடை வாங்கியதில் பா.ஜ.க.வும் காங்கிரசும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறின என்று சொன்னது. ஆம், தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா! தண்டனை கிடைத்ததா? 2016-லும் 2018-லும் நிதி மசோதாக்களுக்குள் செருகிச் சட்டத்தையே திருத்தினார்கள். திருத்தம் 1976 வரை பின்னோக்கிச் செல்லும் என்றார்கள். நாற்பது ஆண்டுப் பாவத்தை ஒரு பிரிவில் கழுவிக்கொண்டார்கள். பாராளுமன்றத்தில் இதற்கு ஒரு கூச்சலும் இல்லை. ஏழை ஊர்க்காரருக்கு வழக்காடியவருக்கு சி.பி.ஐ., தங்களுக்குத் தாங்களே மன்னிப்பு!

உள்நாட்டுப் பணம் மட்டும் ஹலாலா?

பத்திரிகையின் நிருபரும் ஆசிரியரும் உரிமையாளரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது என்று சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. உள்நாட்டு முதலாளியின் பணத்துக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமம் வாங்கியது. 53,031 கோடி ரூபாயில் அதை விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். பழவேற்காடு ஏரியும் கரையோர ஊர்களும் என்னவாகும் என்று மீனவர்கள் எழுந்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இரண்டு முறையும் நடக்கவில்லை. இடையில் 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதே குழுமத்தின் கைக்குப் போனது. 2023 டிசம்பரில் ஐ.ஏ.என்.எஸ். செய்தி நிறுவனத்தின் பெரும்பங்கும் போனது. துறைமுகமும் அவர்களுடையது, துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும் தொலைக்காட்சியும் அவர்களுடையது! இதைத் தவறு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் இந்த உள்நாட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வரியாவது பேசவேண்டாமா?

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை

சுற்றுச்சூழல் அணியினருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. மனுதாரரின் வக்கீல், அவருக்கு ஆய்வறிக்கை எழுதிய நிபுணர், அந்த அறிக்கையைச் செய்தியாக்கிய நிருபர் ஆகிய மூவருமே ஒரே கூட்டங்களில் சந்திப்பவர்கள், சில நேரம் ஒரே நிதியில் இயங்குபவர்கள் என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? மறைப்பதால்தான் எதிரிக்கு ஆயுதம் கிடைக்கிறது.

இன்னொரு குறை. கொடையாளிக்குப் பிடித்த தலைப்புக்குத்தான் செய்தியில் இடம் கிடைக்கிறது. 2024 மார்ச்சில் கானமயில் வழக்கில் உச்சநீதிமன்றம், தட்பவெப்ப மாற்றத்தின் தீமைகளிலிருந்து காக்கப்படுவது குடிமகனின் உரிமை என்றது. ஆஹா என்று தலைப்புகள் பறந்தன. அதே தீர்ப்பில்தான், அந்தப் பறவைக்காகச் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொன்ன 2021-ஆம் ஆண்டு உத்தரவு தளர்த்தப்பட்டது. தளர்த்தக் கேட்டது மத்திய அரசு. பயன் சூரிய மின்சாரக் கம்பெனிகளுக்கு. உரிமையைக் கொண்டாடிய அளவுக்கு இதை எத்தனை பேர் எழுதினார்கள்?

கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். நம் வியாபாரிகளில் பலர் பழைய இரும்பும் பழைய பேட்டரியும் வாங்கி விற்பவர்கள். அந்தச் சரக்கு உருகுவது இங்குள்ள உருக்காலைகளிலும் ஈய ஆலைகளிலும்தான். உலை முன்னால் நிற்பவன் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த கூலி. அவன் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்பதை எழுத எந்த நிதியும் சுலபத்தில் வருவதில்லை. காரணம், அது 'உலகப் பிரச்சினை' அல்ல. விளம்பரம் தரும் ஆலை அதிபரும் அதை விரும்ப மாட்டார். இரண்டு பணப்பைகளும் ஒற்றுமையாக மூடிக்கொள்ளும் இடம் இதுதான்!

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! சரக்கை வாங்கும்போது விற்பவன் யார் என்றும் பார்ப்பீர்கள், தராசிலும் வைப்பீர்கள். செய்தியையும் அப்படியே வாங்குங்கள். காசு யாருடையது என்று கேளுங்கள். அத்தோடு நிற்காமல், அதில் அளவு இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணூர் உப்பங்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்பட்டது பற்றி மீனவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பாயம் 2022-இல் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. செய்தி எழுதியவனின் சம்பளத்தைப் பார்த்து அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. சாம்பலைப் பார்த்துச் சொன்னது.

வாலிபர்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் எவ்வளவு புகை, எவ்வளவு கழிவுநீர் என்று எழுதியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். கும்மிடிப்பூண்டிக்கென்றே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருக்கிறார். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு செய்தியைப் படித்தால் எவனுடைய பணமும் நம்மை ஏமாற்ற முடியாது.

பத்திரிகைகளிடம் நாம் கேட்பது இரண்டே வரிகள். சுற்றுச்சூழல் வழக்கைப் பற்றிய செய்தியின் அடியில், இதை எழுதியவருக்கு எந்த நிதி உதவி என்று ஒரு வரி. செய்தியில் வரும் கம்பெனிக்கு இந்த ஏட்டில் பங்கோ விளம்பரமோ இருந்தால் அதற்கு ஒரு வரி. காட்டுப்பள்ளிக்கு மீண்டும் கருத்துக்கேட்புத் தேதி குறித்தால் சட்டப்படி முப்பது நாள் முன்னதாக ஒரு தமிழ் நாளேட்டில் அறிவிப்பு வரவேண்டும். அன்றைய இதழிலிருந்தே இந்த இரண்டு வரிகளையும் அச்சிடத் தொடங்குவார்களா?