பொத்தான்களை எண்ணுவது தர மதிப்பீடு ஆகாது

இந்தியாவில் விற்பனையாகும் வீட்டு ட்ரிப் காபி மேக்கர்களை ஒப்பிட்டு எழுதப்படும் மதிப்பீடுகளுள் பெரும்பாலானவை, பெட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலையே திருப்பி எழுதுகின்றன. டைமர் உண்டா, திரை உண்டா, எத்தனை கப், ஸ்டீல் பாடியா என்று நான்கு மதிப்பெண் போட்டு, விலையோடு ஒப்பிட்டு, 'கொடுத்த காசுக்குத் தகும்' எனத் தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். நீரும் வெப்பமும் தொடும் பாகங்கள் எவற்றால் ஆனவை, பழுதானால் இயந்திரத்தைத் திறக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகள் மட்டும் எழுவதே இல்லை. கட்டுமானத் தரம் என்ற தொடருக்குப் பொருள் உண்டென்றால், அது இவ்விரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

இவ்வகை இயந்திரத்தின் உள்ளே இருப்பது மிகக் குறைவு. தொட்டியிலிருந்து இறங்கும் நீர் ஒருவழி வால்வைக் கடந்து, வெப்பக் கம்பியோடு ஒட்டிய உலோகக் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே எழும் நீராவிக் குமிழிகள் சுடுநீரை மேலே தள்ள, அது காபித்தூளின் மீது சொட்டுகிறது. பெரும்பாலானவற்றில் தனியே பம்பு கிடையாது. கண்ணாடிக் குடுவை அமரும் தட்டையும் பல மாதிரிகளில் அதே கம்பிதான் சூடாக்குகிறது. வெப்பம் எல்லை மீறாமல் தெர்மோஸ்டாட் காக்கிறது. அது தவறினால் தெர்மல் ஃபியூஸ் அறுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வாட் அளவு. ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 293 கிலோஜூல் தேவை. வெப்ப இழப்பே இல்லை என்று கொண்டாலும் 700 வாட் இயந்திரத்துக்கு இதற்கு 7 நிமிடம் ஆகும். 1400 வாட்டுக்கு அதில் பாதி. மெல்லச் சொட்டும் நீர் தூளை நனைக்கும் முன்பே ஆறத் தொடங்குகிறது. 1960களின் இறுதியிலிருந்து நெதர்லாந்தில் தயாராகும் மொக்காமாஸ்டர், செம்பு வெப்பமூட்டியைக் கொண்டு 1.25 லிட்டரை 92 முதல் 96 டிகிரி வரையிலான சூட்டில் 4 முதல் 6 நிமிடத்தில் வடித்துவிடுகிறது. அதன் உதிரிபாகங்கள் தனித்தனியாக விற்கப்படுகின்றன. அதன் விலைக்கான காரணத்தை இங்கே தேட வேண்டும்; திரையில் அன்று.

விளம்பரச் சொற்களும் ஆராயத்தக்கவை. 'பத்து கப்' என்னும்போது ஒரு கப் பெரும்பாலும் 125 மில்லிலிட்டர்தான். வாங்குபவர் மனத்தில் நிற்பதோ அவர் வீட்டுக் குவளை. 'ஸ்டீல்' என்பது பல வேளைகளில் வெளித்தகட்டின் பெயர். நீர் செல்லும் வழியோ பிளாஸ்டிக், ரப்பர், அலுமினியம். முழுமைக்குரிய பெயரை ஒரு பகுதி சுமந்து நிற்கும் இந்த ஆகுபெயரை இலக்கண மாணவர் எளிதில் இனங்காண்பார். மதிப்பீட்டாளர் காண மறுக்கிறார்.

அடுத்து மதிப்பு. 3,000 ரூபாய் இயந்திரம் இரண்டே ஆண்டில் ஓய்ந்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். 9,000 ரூபாய் இயந்திரம் பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 900. இந்த ஆயுளைத் தீர்மானிப்பவை அற்பமானவை: கடினநீர் குழாய்க்குள் படியவிடும் சுண்ணம், அறுந்த ஃபியூஸ், உடைந்த குடுவை. சுண்ணத்தைச் சிட்ரிக் அமிலக் கரைசல் நீக்கும். மற்ற இரண்டுக்கும் உதிரிபாகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நல்ல இயந்திரமும் குப்பைக்குப் போகும். பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் இணையதளமே தொடங்கியது. மதிப்பீட்டாளர்களின் அட்டவணையில் அந்த உரிமைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

உதவித்தொகையில் வாழும் மாணவர் ஆயுட்கணக்கா பார்க்க முடியும் என்பார்கள். அவரிடம் மலிவானதை இரண்டாம் முறை வாங்கவும் பணமில்லை என்பதே விடை. பித்தளை ஃபில்டரே போதும் என்போர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு: அதில் அறுந்துபோக ஃபியூஸ் இல்லை. ஆனால் அது தருவது வேறு பானம். லிட்டருக்குச் சுமார் 60 கிராம் தூளில் இறங்கும் ட்ரிப் காபி, பாலின்றிப் பருகுவதற்கானது. பால் சேர்த்தால் நீர்த்துப்போகும். கெட்டியான பால்காபி வேண்டுவோருக்கு எந்த விலையிலும் இவ்வியந்திரம் இலாபமில்லை. பாலில்லாக் காபியை ஒருவருக்கு மட்டும் வடிக்க, ஒரு கெட்டிலும் கூம்பு வடிகட்டியும் தாளுமே போதும். இந்த உண்மையைச் சொன்னால் விற்பனை குறையும் என்பதாலோ என்னவோ, மதிப்பீடுகள் அதைச் சொல்வதில்லை.

இனி ஒப்பிட்டு எழுதுவோர் நான்கு தகவல்களையேனும் தரட்டும்: கொள்ளளவுக்கு எத்தனை வாட், நீர்வழி எந்தப் பொருளால் ஆனது, குடுவை தனியே என்ன விலை, அடித்தட்டைத் திருகாணி கழற்றித் திறக்க முடியுமா. இவற்றைத் தராத மதிப்பீட்டை விளம்பரம் என்றே வாசிக்க வேண்டும்.